பால் அறைக்கு ஒரு டேட்டாபேஸ்

என் மகள் அவசரப்பட்டுப் பிறந்தவள். ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. பெங்களூர் வைட்ஃபீல்டில் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தபோது முதுகில் வலி பிடித்தது. நாற்காலி சரியில்லை என்று நினைத்து வேறொரு நாற்காலிக்கு மாறினேன். மதியத்துக்குள் அது நாற்காலியின் குற்றமில்லை என்று தெரிந்துவிட்டது. பக்கத்து இருக்கைத் தோழி என்னைக் கேபில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். வண்டிகள் நகர்வதாக இல்லை. டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, முன்னால் நிற்கிறவர்களிடம் கன்னடத்தில் கெஞ்சிக் கெஞ்சி வழி வாங்கினார். என் கணவர் அடுகோடியில் ஒரு லேத் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறார். கையில் கிரீஸோடு எங்களுக்கு முன்பே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றிருந்தார்.

அன்று சாயங்காலம் பிறந்தாள். அவளை என்னிடம் காட்டாமலே தூக்கிக்கொண்டு போனார்கள்.

"அழுதாளா?" என்று கேட்டேன்.

"அழுதாம்மா. மெல்லமா அழுதா," என்றாள் நர்ஸ்.

அந்த ‘மெல்லமா’வைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

மறுநாள் சக்கர நாற்காலியில் வைத்து என்னை அவளிடம் கொண்டுபோனார்கள். குறைமாதக் குழந்தைகளின் வார்டு அது. வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் கைப்பிடியளவு உயிர். அங்கே குழந்தைகளுக்குப் பெயர் கிடையாது. காலில் கட்டியிருக்கும் பட்டையில் அம்மாவின் பெயரை எழுதி, ‘இன்னாரின் குழந்தை’ என்று போட்டிருப்பார்கள். என் பெயரைக் காலில் கட்டிக்கொண்டு, மூக்கில் குழாயோடு, இந்த உலகத்தோடு தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாததுபோல அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பால் வரவில்லை. பம்ப் வைத்துப் பார்த்தார்கள், கையால் பிழிந்து பார்த்தார்கள். வந்த ஒரு துளியும் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்காமல் நின்றது. அப்போதுதான் அந்த சிஸ்டர் வந்தார். குள்ளமான உருவம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி. வார்டுக்குப் பின்னால் இருக்கும் தாய்ப்பால் வங்கிக்கு அவர்தான் பொறுப்பு. எல்லோரும் அதைப் பால் ரூம் என்பார்கள்.

"உனக்கு வரும்மா. வராம எங்க போவும்? ஆனா அதுவரைக்கும் பாப்பா காத்திருக்க முடியாது. வேற அம்மாங்க குடுத்த பால் இருக்குது. டெஸ்ட் பண்ணி, சூடு பண்ணி, ஃப்ரீசர்ல வச்சது. குடுக்கலாமா?"

"யாரோட பால் சிஸ்டர்?"

"ஒரு அம்மாவோட பால்," என்றார்.

வார்டுக்கு வெளியே வேறொரு குடும்பமும் இதே கேள்வியில் நின்றுகொண்டிருந்தது. அந்தக் குழந்தையின் தாத்தா, கொடுத்தவள் என்ன ஆள் என்று தெரிந்தால்தான் சம்மதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோலார் தங்கவயலிலிருந்து, கே.ஜி.எஃபிலிருந்து, காலை ரயிலில் வந்திருந்த என் அம்மாவின் காதில் அது விழுந்தது. அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க காலத்துல நமக்குத் தண்ணி ஊத்தறதுக்கே யோசிச்சாங்க. இங்க பாலே குடுக்கறாங்க. கையெழுத்து போடுடி."

போட்டேன். மெல்லிய குழாயின் வழியாக அந்தப் பால் வெள்ளைக்கோடாக இறங்கி என் மகளின் வாய்க்குள் போவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, பொறாமை. எவளோ ஒருத்தி என்னைவிட முன்னால் என் பிள்ளையைத் தொட்டுவிட்டாள் என்று இருந்தது. குழாய் காலியானதும் மகள் உதட்டை ஒருமுறை சப்பினாள். அதைப் பார்த்த பிறகு அந்தப் பொறாமை எங்கே போனது என்று தெரியவில்லை.

சிஸ்டருக்கு நான் எங்கிருந்து வந்தவள் என்று என் அம்மாவின் பேச்சிலேயே தெரிந்துவிட்டது. "நீங்க கே.ஜி.எஃப்பா? எந்த லைனு?" என்றார். சுரங்கத் தொழிலாளிகள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு அங்கே லைன் என்று பெயர். அவருடைய அப்பாவும் சுரங்கத்தில் இறங்கியவர். அதன் பிறகு அம்மாவும் அவரும் அந்த ஊர்ச் சர்ச், அந்த ஊர்ச் சந்தை, அந்த ஊர் மண்மேடு என்று பேச ஆரம்பித்தால் எனக்கு மாத்திரை கொடுக்கும் நேரம் தள்ளிப்போகும்.

மகளைக் கங்காருக் குட்டிபோல நெஞ்சோடு ஒட்ட வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்ததும் சிஸ்டர்தான். அவள் என் கழுத்துக்குக் கீழே மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்த ஒரு மதியத்தில் எனக்குப் பால் இறங்கியது. முதலில் ஏதோ சிந்திவிட்டது என்று நினைத்தேன். சிஸ்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நான்தான் சொன்னேனே."

மகள் தேறி ஈஜிபுராவிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வராத பால் வந்தபோது நிறுத்தாமல் வந்தது. அவள் குடித்தது போக மிஞ்சியதை எடுத்து, ஆஸ்பத்திரி கொடுத்த பாட்டில்களில் ஊற்றி எங்கள் ஃப்ரிட்ஜின் மேல்தட்டு ஃப்ரீசரில் வைப்பேன். மீன் வாங்கி வந்தால் அதற்கு இடமில்லை என்று கணவர் சொல்லிக்கொண்டே மீனைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வருவார். வாரம் ஒருமுறை ஐஸ்பெட்டியில் அடுக்கி ஆட்டோவில் எடுத்துப் போய் சிஸ்டரிடம் கொடுப்பேன். எனக்குப் பிரசவ விடுப்பு இன்னும் மிச்சமிருந்தது.

அப்படி ஒரு காலையில் போனபோது பால் ரூமின் கதவு திறந்தே கிடந்தது. ஃப்ரீசர் கதவும் திறந்திருந்தது. சிஸ்டர் தொட்டிக்கு முன்னால் நின்று, உறைந்த பாட்டில்களை வெந்நீர்க் குழாயின் கீழே பிடித்து, இளகியதும் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கட்டிகள் தொட்டியில் விழுந்து மெல்லக் கரைந்து போயின.

"சிஸ்டர், என்ன பண்றீங்க?"

"கம்ப்யூட்டர் போச்சும்மா."

மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில்தான் எல்லா விவரமும் இருந்தது. எந்த எண்ணுள்ள பாட்டில் யாருடையது, பரிசோதனையில் தேறியதா, எந்தக் குழந்தைக்கு எவ்வளவு போனது என்று. அதன் டிஸ்க் கெட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் எடுத்துப் போய் முயன்று பார்த்து, எதுவும் மீளாது என்று சொல்லிவிட்டார். லேபில் சில முடிவுகளின் காகிதங்கள் இருந்தன. அவற்றோடு பொருந்திய பாட்டில்களைத் தனியே எடுத்து வைத்தாகிவிட்டது. மற்றவற்றின் மேல் எண் மட்டும்தான் இருந்தது.

"எது தேறிச்சு, எது தேறலன்னு தெரியாம அந்தப் பிஞ்சுங்களுக்கு எப்படிம்மா குடுக்கறது? கொட்டத்தான் வேணும். ரூல் அப்படி. ரூல் இல்லன்னாலும் அப்படித்தான்."

அவர் அழவில்லை. ஒவ்வொரு மூடியைத் திறக்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கிட்டே போனபோதுதான் கேட்டது. ஒவ்வொரு பாட்டிலிடமும் "ஸாரிம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஐஸ்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு உதவப் போனேன். அப்போது இன்னொரு பெண் உள்ளே வந்தாள். எங்கள் பக்கத்துக்காரி, ஈஜிபுராவில் இரண்டு தெரு தள்ளி இருப்பவள், ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. என்னைவிட இளையவள். அவளுடைய மகனும் அதே வார்டில், காலில் அவள் பெயர் கட்டி, சில நாட்கள் இருந்தான். பிறகு இல்லை. ஆனால் உடம்புக்கு அது புரியவில்லை. பால் வந்துகொண்டே இருந்தது. நிறுத்துவதற்கு மாத்திரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, வேண்டாம், வரட்டும் என்று சொல்லிவிட்டு அன்றிலிருந்து பால் ரூமுக்குக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் சிஸ்டர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். அவளோடு நான் பேசியதில்லை. எதிரில் வந்தால் சிரிப்போம், அவ்வளவுதான். கையில் குழந்தையோடு இருக்கும்போது அவளைப் பார்த்துச் சிரிக்கவும் எனக்குத் தயக்கமாக இருக்கும்.

அவள் தொட்டியைப் பார்த்தாள், ஃப்ரீசரைப் பார்த்தாள். சிஸ்டர் குழாயை மூடிவிட்டு நடந்ததைச் சொன்னார்.

"என்னோடதும் இருக்குதா சிஸ்டர்?"

"இருக்குதும்மா."

"குடுங்க. நானே ஊத்திடறேன்."

அவளுடைய எண் அவளுக்குத் தெரியும். சிஸ்டர் தேடி எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெந்நீரில் காட்டவில்லை. ஒவ்வொரு பாட்டிலாக இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டு, அதுவாக இளகும்வரை காத்திருந்தாள். கை விறைத்துச் சிவந்துபோனது. சிஸ்டர் துண்டை நீட்டினார், வேண்டாம் என்று தலையாட்டினாள். நாங்கள் இருவரும் மற்ற பாட்டில்களைக் கவிழ்க்கத் தொடங்கினோம். கடைசியில் அவள் எழுந்து எல்லாவற்றையும் நிதானமாகத் தொட்டியில் ஊற்றினாள். கையைத் துடைத்துக்கொண்டு, தான் கொண்டுவந்திருந்த பையைத் திறந்தாள்.

"இத வைங்க சிஸ்டர். இது இன்னைக்கு எடுத்தது."

அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பல வருடங்களாக நான் செய்துவருவதே டேட்டாபேஸ் வேலைதான். யார் யாரோ எதை எதையோ வாங்கியதும் விற்றதும் ஒரு வரிகூடத் தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்வதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். "சிஸ்டர், இத நான் பண்ணித் தரேன்," என்றேன்.

"என்னத்த?"

"இனிமே ஒரு கம்ப்யூட்டர் போனா எல்லாம் போற மாதிரி இருக்கக் கூடாது. நான் பண்றேன்."

அந்த அறக்கட்டளை மருத்துவமனையின் நிர்வாகத்திடம் சிஸ்டரே போய்ப் பேசி அனுமதி வாங்கினார். என்னைக் கேபில் கூட்டிவந்த அதே தோழி சனி ஞாயிறுகளில் வீட்டுக்கு வந்து, தரையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு என்னோடு எழுதினாள். பாட்டிலைப் பதிவது, பரிசோதனை முடிவை ஏற்றுவது, குழந்தைக்குக் கொடுத்ததைக் குறிப்பது என்று சில திரைகள், அவ்வளவுதான். விவரங்கள் எங்கே தங்கும் என்பதுதான் பாக்கி. சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்து அதை யாராவது காவல் காக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். இணையம் வழியே ஒரு பெரிய நிறுவனத்தின் கிளவுடில் வாடகைக்கு ஒரு டேட்டாபேஸ் எடுத்தால், அதைப் பழுது பார்ப்பதும் நகல் எடுப்பதும் அவர்கள் பொறுப்பு. ஆனால் அதை உருவாக்கும்போது அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆபீஸில் அந்தக் கேள்விகளுக்கு நான் எத்தனையோ முறை பதில் கொடுத்திருக்கிறேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். பாதிக் கேள்விகளை நான் படிப்பதே இல்லை, அவர்களே குறித்து வைத்திருப்பதை அப்படியே விட்டுவிடுவேன். இதையும் வீட்டிலேயே முடித்திருக்கலாம். ஆனால் திரையைத் திறந்தபோது ஒவ்வொரு கேள்வியும் அந்த அறையைப் பற்றிக் கேட்பதாகத் தெரிந்தது. மூடிவிட்டு, மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு ஞாயிறு மதியம் பால் ரூமுக்கே போனேன். கணவர் மகளைத் தூளிபோல மார்பில் கட்டிக்கொண்டு கூட வந்தார். சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டார். அந்தப் பெண்ணும் அன்று பால் கொடுக்க வந்திருந்தாள். பையை வைத்துவிட்டுப் போகாமல் சுவரோரமாக நின்றாள்.

முதல் கேள்வி, இது பழகிப் பார்ப்பதற்கா, நிஜ உபயோகத்துக்கா என்பது. நிஜத்துக்கு என்று குறித்தேன். அடுத்தது, எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று.

"பெங்களூர் இல்லையா?" என்று சிஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"இவங்ககிட்ட பெங்களூர் இல்ல சிஸ்டர். மும்பை இருக்கு, ஹைதராபாத் இருக்கு. சிங்கப்பூர்கூட இருக்கு."

"சிங்கப்பூர் எதுக்கு? நம்ம நாட்டுக்குள்ளயே இருக்கட்டும். நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா யாரையாவது போய்க் கேக்க முடியணும்."

மும்பை என்று குறித்தேன். பிறகு எவ்வளவு பெரிய இயந்திரம் என்று கேட்டது. ஆபீஸில் தேவைக்கு மேல் பெரிதாக எடுப்பதுதான் வழக்கம். இங்கே ஒரு நாளில் வந்துபோகும் பாட்டில்களை ஒரு நோட்டுப் பக்கத்தில் அடக்கிவிடலாம். இருப்பதிலேயே சின்னதை எடுத்தேன். அதற்குக் கீழே, வேறொரு கட்டிடத்தில் ஒரு மாற்று வேண்டுமா என்று இருந்தது. இது விழுந்தால் அது எழுந்து வேலையைப் பார்க்கும், ஆனால் செலவு ஏறும்.

"ஒண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இன்னொண்ணு ரெடியா நிக்குமா?" என்று கேட்டார் சிஸ்டர்.

"நிக்கும். சும்மாவே நிக்கும், அதுக்கும் காசு குடுக்கணும்."

"நைட் டியூட்டி நர்ஸ் மாதிரி. எதுவும் நடக்கலன்னாலும் இருக்கத்தான் வேணும். அத வை. மேனேஜ்மெண்ட்ல நான் பேசிக்கறேன்."

வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் அதை அணுகலாமா என்றது அடுத்தது. நான் படித்துச் சொல்லி முடிப்பதற்குள் "பேடா, பேடா" என்று கன்னடத்தில் கை ஆட்டிவிட்டார். வேண்டவே வேண்டாம்.

அதைக் குறிக்கும்போது, நிர்வாகத்திலிருந்து வந்திருந்த ஒரு குறிப்பு எனக்கு நினைவு வந்தது. பால் கொடுப்பவர்களின் விவரங்களில் மதம், ஜாதி இரண்டையும் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். அட்மிஷன் படிவத்தில் இருப்பதால் இதிலும் இருக்கட்டும் என்று யாரோ யோசிக்காமல் எழுதியதுதான். சிஸ்டரிடம் கேட்டேன்.

"அத எழுதி வச்சா என்னைக்காவது எவனுக்காவது திறந்து பாக்கத் தோணும். எழுதவே எழுதாத," என்றார்.

எழுதவில்லை. பிறகு நிர்வாகத்தில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவுமில்லை.

பேக்கப்பை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வியில் கொஞ்சம் நேரம் ஆனது. தினமும் அவர்களே ஒரு நகல் எடுத்து வைப்பார்கள். ஏதாவது பிசகினால் அந்த நாளுக்குத் திரும்பிப் போகலாம். நான் வழக்கமாக ஒரு வாரத்தோடு விட்டுவிடுவேன். சிஸ்டர் ஃப்ரீசரைத் திரும்பிப் பார்த்தார். "பால் மாசக்கணக்குல இருக்கும்மா. பாட்டில் உள்ள இருக்கிற வரைக்கும் அதோட கதையும் இருக்கணும்." திரையிலிருந்த கட்டம் அவ்வளவு நாட்களுக்கு இடம் கொடுக்கவில்லை. கொடுத்தவரை வைத்துவிட்டு, மாதாமாதம் தனியாக ஒரு நகல் எடுத்து வைக்கும்படி நான் எழுதித் தருவதாகச் சொன்னேன்.

அதன் பிறகு வந்ததுதான் எங்களை மாட்டிவிட்டது. வாரத்தில் ஒரு நேரத்தைச் சொல்ல வேண்டும். பழுது பார்க்கவோ புதுப்பிக்கவோ வேண்டியிருந்தால் அந்த நேரத்தில் டேட்டாபேஸைச் சிறிது நேரம் நிறுத்தி எழுப்புவார்கள்.

"எந்த நேரத்துல இங்க யாருக்கும் பால் வேண்டியிருக்காது, சிஸ்டர்?"

சிஸ்டர் சிரித்தேவிட்டார். "அப்படி ஒரு நேரம் இருந்தா எனக்கும் சொல்லு, வீட்டுக்குப் போய்த் தூங்கறேன்." அங்கே குழந்தைகள் இரண்டு மணிக்கொருமுறை குடித்துக்கொண்டே இருப்பார்கள். விடியற்காலையும் ஒன்றுதான், மதியமும் ஒன்றுதான். ஆபீஸில் நாங்கள் ஊர் தூங்கும் நேரத்தைக் கொடுத்துவிடுவோம். இந்த ஊரில் தூக்கமே கிடையாது. சிஸ்டர் விரலை மடக்கி யோசித்தார். ஒருமுறை ஊட்டி முடித்து, பாத்திரங்களைக் கழுவி, அடுத்த முறைக்குப் பாலை வெளியே எடுப்பதற்கு முன்னால் ஓர் இடைவெளி உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் புது அட்மிஷன் குறைவு.

"இப்பதான்," என்றார். "இதே நேரம். நாம பேசிட்டிருக்கோமே, இது."

திரை அந்த நேரத்தை லண்டன் கடிகாரத்தில் கேட்டது. ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துப் போட்டேன். என் கணவர் ஒருமுறை மனக்கணக்காகப் போட்டுப் பார்த்து, சரிதான் என்றார்.

யாரும் தெரியாமல் அழித்துவிடாதபடி தடுக்க ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதைக் குறித்தேன். கடைசியாகப் பெயர். ஆங்கிலச் சின்ன எழுத்தில் இருக்க வேண்டும், எழுத்தில் தொடங்க வேண்டும்.

"என்ன வைக்கலாம்?" என்று கேட்டேன். சிஸ்டர் ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னார், அது நீளமாக இருந்தது. என் கணவர் ஏதோ சொன்னார், அது விளம்பரம்போல இருந்தது. சுவரோரம் நின்றவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"பால்னே வைங்கக்கா. வேற இன்னா இருக்குது அதுல?"

அதையே வைத்தேன். உருவாக்கும் பொத்தானின் மேல் விரலை வைத்திருந்தபோது அவளே கேட்டாள்.

"அக்கா, இதுல என் பேரு இருக்குமா?"

"இருக்கும்மா. குடுக்கறவங்க எல்லார் பேரும் இருக்கும்."

"பழைய கம்ப்யூட்டர்ல என் கொழந்தைன்னு ஒரு வரி இருந்துச்சு. சிஸ்டர் காட்டினாங்க. என் பேரு போட்டு, கொழந்தைன்னு. அதுவும் போயிடுச்சு இல்ல?"

போய்விட்டது என்றேன். நானும் தோழியும் எழுதியதில் கொடுப்பவரின் குழந்தையைப் பற்றி ஓர் இடம் இருந்தது, பிறந்த நாளோடு. இறந்துபோன குழந்தை என்றால் அந்த இடத்தைக் காட்டாமல் மறைத்துவிடும்படி எழுதியிருந்தோம். பார்த்தால் மனது வலிக்குமே என்று நினைத்து அப்படிச் செய்திருந்தோம். அதை அவளிடம் சொன்னேன்.

"மறைக்காதீங்கக்கா," என்றாள். "அவனாலதான பாலே வந்துச்சு."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் சரி என்று தலையாட்டினேன். அவன் பிறந்த நாளை அவள் சொன்னாள், எழுதிக்கொண்டேன். பொத்தானை அழுத்தினேன்.

உருவாகிக்கொண்டிருக்கிறது என்று திரையில் வந்தது. அதற்குச் சற்று நேரம் பிடிக்கும். காத்திருக்க வேண்டியதுதான். கணவர் டீ வாங்கி வருவதற்காகத் தூளியை அவிழ்த்தார். மகள் விழித்துக்கொண்டு சிணுங்கினாள். நான் கையை நீட்டுவதற்கு முன்னால் அந்தப் பெண் ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டாள். பிறகு தானாகவே தயங்கினாள். என் கணவர் என்னைப் பார்த்தார்.

"எடுத்துக்கோம்மா," என்றேன்.

தலையைத் தாங்கிப் பழகிய கை அது. சில நாட்கள்தான் பழகியது என்றாலும் மறக்கவில்லை. தோளில் சாய்த்துக்கொண்டு ஃப்ரீசருக்கும் தொட்டிக்கும் நடுவே இருந்த கொஞ்சம் இடத்தில் நடந்தாள். மகள் சிணுங்கலை விட்டு நன்றாகவே அழ ஆரம்பித்தாள். பசி அழுகை. அந்தப் பெண் சட்டென்று நின்று குனிந்து பார்த்துக்கொண்டாள். அவளுடைய குர்தா நனைந்து, ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

"ஐயோ, இப்பதான எடுத்துட்டு வந்தேன்," என்றாள். வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கூடவே சிரிப்பும் வந்துவிட்டது. "பாருங்க சிஸ்டர், யார் கூப்ட்டாலும் வருது."

சிஸ்டர் துண்டை எடுத்து அவள் நெஞ்சில் வைத்து, அவளையும் என் மகளையும் சேர்த்து அப்படியே அணைத்துக்கொண்டார். பிறகு மகளை வாங்கி என்னிடம் கொடுத்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தேன். அந்தப் பெண் மூலையில் தொங்கிய திரைச்சீலைக்குப் பின்னால் போய்ப் பம்பை எடுத்துக்கொண்டாள். அந்த அறையில் ஒரு பக்கம் பம்பின் சத்தம், ஒரு பக்கம் என் மகள் குடிக்கும் சத்தம். கணவர் டீயோடு வந்து, கதவருகில் நின்று இருமி, உள்ளே வரலாமா என்று கேட்டார். மடிக்கணினியை எல்லோரும் மறந்துபோயிருந்தோம். திரும்பிப் பார்த்தபோது டேட்டாபேஸ் தயாராக இருந்தது.

அதில் முதல் பாட்டிலைச் சிஸ்டர்தான் பதிந்தார். ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாக. அது அந்தப் பெண் அன்று திரைச்சீலைக்குப் பின்னால் எடுத்த பால்.

வேலை நன்றாகவே போனது. சில மாதங்கள் கழித்து, மும்பையில் எங்கள் டேட்டாபேஸ் இருந்த கட்டிடத்தில் ஏதோ கோளாறு ஏற்பட்டு, மாற்று எழுந்து வேலையைப் பார்த்திருக்கிறது. எனக்கு மின்னஞ்சலில் செய்தி வந்ததும் பதறிப்போய்ச் சிஸ்டருக்கு போன் செய்தேன்.

"எதுவும் தெரியலையேம்மா," என்றார். "காலையில எல்லாருக்கும் குடுத்துட்டோம். ஏன், என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி வைத்தேன். ஆபீஸில் இதுபோல நடந்து யாருக்கும் தெரியாமல் முடிந்தால் எங்கள் குழு கேக் வெட்டும். அன்று நான் வீட்டில் மகளுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் பாதியைத் துப்பினாள்.

அந்தப் பெண்ணுக்குப் பால் மெல்ல மெல்லக் குறைந்து நின்றுபோனது. நின்றது தெரிந்ததும் பால் ரூமுக்கு வந்து வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாளாம். அவளைப் போகவிடச் சிஸ்டருக்கு மனமில்லை. நிர்வாகத்தில் கேட்டு, வீடுகளுக்குப் போய்ப் பால் சேகரித்து வரும் வேலைக்கு அவளை வைத்துக்கொண்டார். இப்போது ஈஜிபுராவிலும் அடுகோடியிலும் அவளைத் தெரியாத கைக்குழந்தைக்காரிகள் குறைவு. பால் வரவில்லை என்று அழுகிறவர்களிடம் உட்கார்ந்து பேசுவாள். தன் கதையைத் தானாகச் சொல்லமாட்டாள். கேட்டால் சொல்வாள்.

நான் வேலைக்குத் திரும்பிய பிறகு எனக்கும் பால் குறைந்தது. என்னிடமிருந்து கடைசி பாட்டிலை வாங்கிக்கொள்ள அந்தப் பெண்தான் வந்தாள். காலை நேரம், நான் ஆபீஸ் கேபுக்காகக் காத்திருந்தேன். என் மகள் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். அந்தப் பெண்ணைக் கண்டதும் போய் அவளுடைய துப்பட்டாவைப் பற்றிக்கொண்டாள்.

"டீ குடிச்சிட்டுப் போம்மா."

"இன்னும் ரெண்டு வீடு இருக்குதுக்கா. ஐஸ் கரைஞ்சிடும்."

பாட்டிலின் மேல் எண்ணைச் சரிபார்த்து, போனில் பதிந்து, பெட்டிக்குள் வைத்தாள். என் மகளின் விரல்களை ஒவ்வொன்றாகத் துப்பட்டாவிலிருந்து விடுவித்தாள். கடைசி விரலை மட்டும் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்பக் குடுத்துட்டீங்கக்கா," என்றாள்.

"நீ குடுத்ததுக்கு முன்னால இது என்ன?"

"அதெல்லாம் பாக்காதீங்க." பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். "வந்துட்டேண்ணா, வந்துட்டேன்," என்று கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். என் மகள் படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் போன பக்கம் பார்த்து, தனக்குத் தெரிந்த ஒரே சொல்லை, ‘அம்மா’ என்று, சத்தமாகச் சொன்னாள். அந்தப் பெண் கீழேயிருந்து அதற்குப் பதில் சொன்னாள்.